ஏற்கெனவே போய்ச் சேர்ந்த கார்

ஒரு மனிதர் தன் சொந்தக் காரில் தன் சொந்த அக்காவைப் பார்க்கப் போக ஆசைப்படுவது சட்டப்படி குற்றமல்ல. குற்றமல்ல என்பதை நிரூபிக்கத்தான் கொஞ்சம் நாளாகும். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குத் தொண்ணூறு நாள் ஆயிற்று.

அவரை எல்லோரும் கண்ணாடிக்காரர் என்றே கூப்பிடுவார்கள். முப்பது வருஷமாக ஒரே கடை, ஒரே சுழல் நாற்காலி, சுவரில் மேலே பெரிசும் கீழே பொடிசுமாக ஒரே எழுத்து அட்டை. வருகிறவர் கண்ணுக்கு மாற்றி மாற்றிச் சில்லுப் போட்டு, "இது நல்லாத் தெரியுதா, முன்னது நல்லாத் தெரிஞ்சுதா?" என்று கேட்பதுதான் தொழில். யாரிடமும் குரலை உயர்த்தி அறியாதவர். ஆளே இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பார். ஒரு தடவை விளக்கு பழுதாகிச் சிவப்பிலேயே நின்றுபோக, இவரும் நாற்பது நிமிஷம் நின்றதாகவும், கடைசியில் மனைவி வந்து கூட்டிப்போனதாகவும் தெருவில் ஒரு பேச்சு உண்டு. மனைவி அதை மறுத்ததில்லை.

கார் அப்பா வாங்கியது. வயது ஐம்பத்து மூன்று. சாம்பல் நிறம். கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது கியருக்குப் போகும்போது, பாதித் தூக்கத்தில் எழுப்பப்பட்ட ஆளைப் போல ஒரு முனகல் கேட்கும். அப்பா காரை மகனுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அக்காவோ பதினெட்டு வயதிலிருந்து அந்தக் காரை ஓட்டியவள். தம்பி கேட்டில் இடித்த நாட்களிலெல்லாம் இறங்கி, அவனைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, வண்டியை நேராக்கி நிறுத்தியவள். "ஓட்டத் தெரிஞ்சவளுக்கு இல்லை, இடிக்கத் தெரிஞ்சவனுக்கா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். "அப்பா எழுதினது எழுதினதுதான்," என்றார் இவர். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. ஒன்பது வருஷம்.

ஒரு புதன்கிழமை கடைக்குப் போன் வந்தது.

"நான்தான்டா. வீட்டை வித்தாச்சு. வெளிநாட்டுல மகள்கிட்டயே போயிடறேன். இன்னும் சரியா நூறு நாள். போனா திரும்ப மாட்டேன்."

கண்ணாடிக்காரர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"போறதுக்கு முன்னாடி அந்தக் காரை ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும். அவ்வளவுதான். கொண்டுவருவியா மாட்டியா?"

"கொண்டுவரேன்க்கா," என்று சொல்லிவிட்டு அவர் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். அக்கா வீடு ஆயிரத்து நூற்று நாற்பது கிலோமீட்டர். மெக்கானிக் காருக்கு அடியில் இரண்டு நாள் மல்லாந்து படுத்துப் பார்த்துவிட்டு, "தாராளமா போகும். நீங்க போயிடுவீங்களான்னுதான் எனக்குச் சந்தேகம்," என்றான்.

அன்றைக்கே கிளம்பியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் கிளம்பியிருப்பார்கள். ஆனால் கண்ணாடிக்காரர் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கத்து ஏல அறிவிப்பு வரை படிப்பவர். ஐம்பது வயதைக் கடந்த வண்டிகள் இனிமேல் மரபுச் செல்வங்கள் என்றும், அவற்றை நெடுந்தூரம் ஓட்ட முன் அனுமதி வேண்டும் என்றும், அதற்கென 'தொன்மை ஊர்திகள் நெடுந்தொலைவு இயக்க ஒழுங்குமுறை அலுவலகம்' ஒன்று திறக்கப்பட்டிருக்கிறது என்றும் பதினோராம் பக்கத்தில் போட்டிருந்தது. விதி என்று ஒன்று இருப்பது தெரிந்த பிறகு தெரியாத மாதிரி இருக்க அவருக்கு வராது.

மனைவிக்குத் தண்ணீர் வாரியத்தில் புகார் எழுதிக்கொள்ளும் வேலை. இருபத்திரண்டு வருஷமாக எழுதிக்கொள்கிறாள். அவள் சொன்னாள்: "பேசாம கிளம்புங்க. அவங்களா கேட்டா அப்ப பாத்துக்கலாம்."

"கேட்டுட்டாங்கன்னா?"

"கேக்கறதுக்கு அவங்க படியிறங்கி வரணும். எந்த ஆபீஸ்ல இறங்கியிருக்காங்க?"

இவர் கேட்கவில்லை. மனு எழுதி, அதற்கு நகல் எடுத்து, நகலுக்கும் நகல் எடுத்துக்கொண்டு போனார்.

அலுவலகம் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. ஒரே அறை, இரண்டு மேஜை. ஒன்றில் 'மரபுப் பிரிவு' என்று பலகை. மற்றதில் 'தகுதிப் பிரிவு'. மரபு மேஜைக்குப் பின்னால் கறுப்பு ஃபிரேம் போட்ட ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். வாங்க என்று சொல்லி நாற்காலி காட்டினார். லஞ்சம் வாங்காதவர், எரிந்து விழாதவர். இப்படிப்பட்டவரிடம் மாட்டிக்கொண்டால் தப்பிக்க வழியே கிடையாது என்பது கண்ணாடிக்காரருக்கு அப்போது தெரியாது.

"வண்டியில சீட் பெல்ட் இருக்கா?"

"இல்லைங்க சார். அந்தக் காலத்துல வைக்கலை."

"ரொம்பச் சந்தோஷம். இப்படித்தான் இருக்கணும். பக்கத்துக் கண்ணாடி?"

"அதுவும் இல்லை."

"அற்புதம்." அதிகாரி நெகிழ்ந்துபோய் முத்திரை குத்தினார். "வண்டி பிறந்த மேனியா இருக்கு. மரபுப் பிரிவுக்குப் பூரண திருப்தி. இனி தகுதிப் பிரிவுல ஒரு கையெழுத்து வாங்கிட்டா நீங்க கிளம்பலாம்."

"தகுதிப் பிரிவு அதிகாரி எப்ப சார் வருவார்?"

"ரெண்டு மணிக்கு மேல."

கண்ணாடிக்காரர் செருப்புக் கடை வாசலில் நின்றே பொழுதைப் போக்கிவிட்டு இரண்டு மணிக்கு மேலே போனார். தகுதி மேஜைக்குப் பின்னால் அதே அதிகாரி உட்கார்ந்திருந்தார். இப்போது தங்க ஃபிரேம்.

"உக்காருங்க. என்ன விஷயம்?"

"காலையில சொன்னேனே சார்."

"யார்கிட்ட?"

"உங்ககிட்டதான்."

"நான் இப்பதானே வரேன்," என்றார் அதிகாரி, கொஞ்சமும் சிரிக்காமல். "காலையில இருந்தவர் மரபு. நான் தகுதி, கூடுதல் பொறுப்பு. மனுவைக் குடுங்க. சீட் பெல்ட் இருக்கா?"

"இல்லை சார்."

"பக்கத்துக் கண்ணாடி?"

"இல்லை."

அதிகாரியின் முகம் இருண்டது. "இந்த நிலைமையில ஒரு வண்டியை ரோட்டுல விடறதுக்கு யாராவது முத்திரை குத்துவாங்களா? இதுல குத்தியிருக்கே. யார் இந்த ஆளு?"

கண்ணாடிக்காரர் தொழில்முறையில் அவருடைய இரண்டு கண்ணாடியையும் கவனித்திருந்தார். இரண்டும் ஒரே பவர். "ரெண்டு எதுக்கு சார்?" என்று மெல்லக் கேட்டார்.

"பிரிவுக்கு ஒண்ணு ஒதுக்கியிருக்காங்க," என்றார் அதிகாரி. "அவரோட பொருளை நான் தொடறதில்லை."

மறுநாள் மெக்கானிக் பெல்ட்டும் கண்ணாடியும் பொருத்தினான். பிற்பகல் அதிகாரி வண்டியைச் சுற்றிவந்து பாராட்டினார். அதற்கடுத்த நாள் காலை அதிகாரி வண்டியைப் பார்த்து, பெற்ற பிள்ளைக்கு யாரோ மொட்டையடித்துவிட்ட மாதிரி பதறினார். "என்ன காரியம் பண்ணிட்டீங்க! மரபே போச்சு. யார் சொன்னது இதையெல்லாம் மாட்டச் சொல்லி?"

"தகுதிப் பிரிவு சார்."

"இதை நான் சும்மா விடப்போறதில்லை."

சும்மா விடவில்லை. அன்றிலிருந்து கடிதப் போக்குவரத்து தொடங்கியது. மரபு மேஜையில் உட்கார்ந்து அதிகாரி ஒரு கடிதம் எழுதுவார். எழுந்து நாலு எட்டு நடந்து தகுதி மேஜைத் தட்டில் போடுவார். மதியம் அந்தப் பக்கம் உட்கார்ந்து கண்ணாடி மாற்றி அதைப் பிரித்துப் படிப்பார். படிக்கப் படிக்கக் காது சிவக்கும். "என்ன திமிர் பாத்தீங்களா இந்த மனுஷனுக்கு? 'தங்களுக்கு விதி தெரியாதது வியப்பளிக்கிறது' அப்படின்னு எழுதறார். எனக்கு விதி தெரியாதாம்," என்று கண்ணாடிக்காரரிடமே முறையிடுவார். பதில் இன்னும் காரமாகப் போகும். மறுநாள் காலை அதைப் படித்துவிட்டு, மனம் புண்பட்டு, ஒரு நாள் விடுப்புக்கு எழுதிப்போடுவார். விடுப்பை அனுமதிக்கும் பொறுப்பு தகுதிப் பிரிவிடம் இருந்தபடியால் அது மறுக்கப்படும்.

இப்படி ஐம்பது நாள் போயிற்று.

இதற்கிடையே ஊரில் பழைய கார் ஒரு மோகமாகக் கிளம்பியிருந்தது. எவரிடமும் பழைய கார் இல்லாத காலத்தில் அதற்குப் பெயர் ஓட்டை வண்டி. எல்லோரும் வாங்க ஆரம்பித்ததும் அதற்குப் பெயர் பாரம்பரியம். இதற்கென்று ஒரு கழகம். தலைவர் டைல்ஸ் வியாபாரி. மூன்று கார் வைத்திருந்தார், மூன்றும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், குளிரூட்டிய அறையில். எதிலும் பெட்ரோல் கிடையாது, வாசனை வந்துவிடுமாம். கழக உறுப்பினர்கள் தோல் கையுறை போட்டுக்கொண்டு கூடுவார்கள். காரில் தெளித்துக்கொள்ள டப்பாவில் அடைத்த புழுதிகூட விற்பனைக்கு வந்திருந்தது. மலைப் புழுதி, கடற்கரைப் புழுதி, கலப்பு என்று மூன்று ரகம். கலப்புக்குத்தான் கிராக்கி.

கண்ணாடிக்காரர் நிஜமாகவே ஒரு பழைய காரில் எங்கோ போகப்போகிறார் என்ற செய்தி கழகத்தை உலுக்கியது. தலைவர் கடைக்கே வந்துவிட்டார்.

"திட்டம் இருக்கா உங்ககிட்ட?"

"காலையில கிளம்பணும். பொழுது சாய்ஞ்சா எங்கயாவது தங்கணும். மூணாம் நாள் போய்ச் சேரணும்."

தலைவர் பரிதாபமாகப் பார்த்தார். "அது பயணம் சார். திட்டம் இல்லை."

ஒரு குழு போட்டு அறுபத்து நான்கு பக்கத்தில் திட்டம் வந்தது. எந்த வளைவில் காரை நிறுத்தி எந்தத் திசையில் பார்த்துப் பெருமூச்சு விடவேண்டும், எந்த மலை உச்சியில் எத்தனை மணிக்கு வாழ்க்கையைப் பற்றி என்ன தோன்றவேண்டும், எல்லாம் அதில் இருந்தது. வேறு யாரோ என்றோ எடுத்த படங்கள் தேதி போட்டு இணைக்கப்பட்டிருந்தன. பெட்ரோல் எங்கே போடுவது என்பது மட்டும் இல்லை.

எழுபதாம் நாள் கண்ணாடிக்காரர் அதிகாரியின் முன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அக்கா போவதற்கு முப்பது நாள்தான் இருக்கிறது என்றார். அதிகாரி இரக்கமுள்ளவர். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். தங்கக் கண்ணாடியைப் போடவில்லை. வெறும் கண்ணோடு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"காலையில பெல்ட் இருந்தா தப்பு. மதியத்துக்கு மேல பெல்ட் இல்லைன்னா தப்பு. இல்லையா?"

"ஆமாங்க சார்."

"நடுவுல ஒண்ணுலேருந்து ஒண்ணரை சாப்பாட்டு நேரம். ஒண்ணரைலேருந்து ரெண்டு பொறுப்பு ஒப்படைக்கிற நேரம், அதுல கடுமையான சோதனை உண்டு. ஆனா அந்தச் சாப்பாட்டு அரை மணி நேரத்துல ரெண்டு பிரிவுமே கிடையாது. ரெண்டு பேருமே இல்லாதப்ப யார் உங்களைக் கேக்கறது?"

இரு பிரிவுகளும் ஒருமித்துக் கையெழுத்திட்ட முதல் உத்தரவு அன்றைக்கு வெளியானது. மேற்படி ஊர்தியை நாள்தோறும் பிற்பகல் ஒன்று முதல் ஒன்றரை வரை நெடுந்தொலைவு இயக்க ஆட்சேபணை இல்லை.

மனைவி ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "அரை மணிக்கு இருபது கிலோமீட்டர்னு வச்சாலும் அம்பத்தேழு நாள். உங்க அக்கா போய் இறங்கி ஒரு மாசம் கழிச்சு நீங்க அவங்க காலி வீட்டு வாசல்ல போய் ஹாரன் அடிக்கலாம்."

"ஆனா அனுமதி வந்துடுச்சே," என்றார் இவர்.

புறப்பாட்டு விழா செருப்புக் கடை வாசலில் நடந்தது. சரியாக ஒரு மணிக்கு ரிப்பன் கட்டினார்கள். தலைவர் பேசினார். பயணம் முக்கியமல்ல, பயண உணர்வே முக்கியம் என்றார். இருபத்தாறு நிமிஷம் உணர்ந்தார். மிச்சமிருந்த நான்கு நிமிஷத்தில் கார் ரிப்பனை அறுத்துக்கொண்டு கிளம்பி, தெருமுனை வரை கம்பீரமாகப் போய், ஒன்றரை அடித்ததும் நின்றது. கண்ணாடிக்காரர்தான் நிறுத்தினார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு கண்ணாடிக்காரரும் மெக்கானிக்கும் காரை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். தள்ளுவது இயக்கத்தில் சேராது என்று அதிகாரி வாய்மொழியாகத் தெளிவுபடுத்தியிருந்தார். தோல் கையுறை போட்ட உறுப்பினர்கள் இரண்டு பக்கமும் நின்று கைதட்டினார்கள். தள்ளினால் கையுறை அழுக்காகிவிடும்.

மறுநாளிலிருந்து கழகத்தின் இணையப் பக்கத்தில் பயணச் செய்தி வர ஆரம்பித்தது. திட்டத்தில் உள்ளபடி, படத்தோடு, தேதி தவறாமல். 'இன்று நம் வீரர் மலைப்பாதையைத் தொட்டார்.' 'உச்சியில் நின்று மேகங்களோடு பேசினார்.' மேகங்களோடு பேசிக்கொண்டிருந்தவர், தினமும் இருபத்து மூன்றரை மணி நேரம் நடுரோட்டில் நிற்க வழியில்லாமல் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, அந்த நேரத்தில் கடையில் ஒரு பாட்டு வாத்தியாருக்குப் பவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க மலை மேல இல்ல இருக்கீங்க?" என்றார் பாட்டு வாத்தியார், கையில் போனை வைத்துக்கொண்டு.

"இல்லைங்க, இங்கதான் இருக்கேன்."

பாட்டு வாத்தியார் போனைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். "என் கண்ணுல கோளாறுன்னுதானே வந்திருக்கேன்," என்று போனையே நம்பிவிட்டார்.

தொண்ணூறாம் நாள் அலுவலகத்தில் விரைவு முடிவு வாரத்தின் கடைசி நாள். அதற்குள் ஒவ்வொரு கோப்பையும் முடித்துவிடவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அலுவலகத்தில் மொத்தம் இருந்ததே ஒரு கோப்புதான். புறப்பட்டதற்கு ஆதாரம் இருந்தது. வழியில் போனதற்குக் கழகத்தின் படங்கள் இருந்தன. அதிகாரி 'பயணம் இனிதே நிறைவுற்றது' என்று எழுதி, இரண்டு கையெழுத்துப் போட்டு, கோப்பைக் கட்டினார். கழகம் பதக்கம் அறிவித்தது. மறுநாள் செய்தித்தாளில் பதினோராம் பக்கத்தில் வந்தது.

அன்று சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள்.

"இங்க வந்துட்டுப் போயிருக்கே. காரோட. ஊருக்குள்ள வந்துட்டு என் வாசலுக்கு வரலை. ஓட்டக் கேட்டேனே, ஒரே ஒரு தடவை. அது அவ்வளவு பெரிசாப் போச்சா உனக்கு?"

"நான் வரவே இல்லைக்கா."

"பேப்பர்ல போட்டிருக்குடா. முத்திரை குத்தியிருக்கு. பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு இருக்கு." போன் வைக்கப்பட்டது.

கண்ணாடிக்காரர் மறுநாள் அலுவலகத்துக்கு ஓடினார். "நான் போகவே இல்லை சார். எழுதினதை அடிச்சிடுங்க."

"அப்படியெல்லாம் பேசாதீங்க. நீங்க இப்ப அங்க இருக்கீங்க."

"உங்க முன்னாடி நிக்கிறேனே சார்."

"அது உங்க தரப்பு வாதம்," என்றார் அதிகாரி மரியாதையாக. "நீங்க இங்க இருக்கணும்னா திரும்பி வரணும். திரும்பி வர அனுமதிக்கு, நீங்க எங்க இருக்கீங்களோ அந்த ஊர்லதான் மனு குடுக்கணும். நேர்ல."

"அங்க போக அனுமதி குடுங்க."

"அங்க இருக்கிறவருக்கு அங்க போக எப்படிக் குடுக்கறது?"

வீட்டுக்கு வந்து தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். புகார் எழுதிக்கொள்ளும்போது கேட்பதுபோலவே, குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"கோப்பு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அப்புறம் என்ன? கோப்பு முடியணும்னுதான் அவங்களுக்குக் கவலை. காரியம் முடியணும்னு எந்த ஆபீஸ்லயும் சட்டம் கிடையாது. அங்க இருக்கிற ஆளை இங்க எவன் நிறுத்துவான்? விடிஞ்சதும் கிளம்புங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் கேட்டார்.

ஊர் எல்லையில் போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார். வண்டி எண்ணைக் கருவியில் தட்டிப் பார்த்தார்.

"இந்த வண்டி ஏற்கெனவே போய்ச் சேந்துடுச்சே."

"ஆமாங்க."

"அப்ப இது?"

கண்ணாடிக்காரருக்குப் பொய் வராது, உண்மையோ நீளம்.

"இல்லாத வண்டிக்குச் சீட்டு எழுத எங்கிட்டப் புத்தகம் கிடையாது," என்றார் போலீஸ்காரர் எரிச்சலோடு. "ஓரமா போங்க. பின்னாடி நிஜ வண்டிங்க நிக்குது."

மூன்று நாள் ஓட்டினார். சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. ஓரிடத்தில் விசிறி பெல்ட் அறுந்தது. ஓரிடத்தில் மழை பெய்தது, கதவு வழியாக ஒழுகியது. இன்னோரிடத்தில் ஒரு லாரி டிரைவர் பழைய பேட்டரிக்கு உயிர் கொடுத்தார். மலையும் வந்தது, ஆனால் ஏற்றத்தில் கார் சூடாகிவிடுமோ என்ற பயத்தில் இவர் மேகத்தைப் பார்க்கவில்லை, மீட்டரைத்தான் பார்த்தார்.

அக்கா வீட்டுக்குள் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவள் கதவைத் திறந்து தம்பியைப் பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் அவளுக்குத் தலை பூராவும் நரைத்திருந்தது.

"வந்துட்டுப் போனவனுக்கு மறுபடி என்ன வேலை?"

"சாவியைக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்," என்றார்.

அவள் சாவியை வாங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தாள். சோக் குமிழை அரை விரல் இழுத்தாள். இரண்டாவது கியருக்குப் போகும்போது கியர்க் கம்பியைக் கொஞ்சம் மேலே தூக்கித் தன் பக்கமாகத் தள்ளினாள். முனகலே கேட்கவில்லை. ஊரைச் சுற்றி இரண்டு மணி நேரம் ஓட்டினாள். வாய் ஓயாமல் பேசினாள், சிரித்தாள், முன்னால் போகிற ஒவ்வொரு வண்டியையும் திட்டினாள். கண்ணாடிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணீரைத் துடைத்துத் துடைத்து, "அப்பா உங்கிட்டதான் குடுத்திருக்கணும்க்கா," என்றார்.

"குடுத்திருந்தா ஒம்பது வருஷம் நீ எங்கிட்டப் பேசாம இருந்திருப்ப. போடா."

மிச்சமிருந்த நாட்கள் முழுக்க அவள்தான் ஓட்டினாள். பொருட்களைக் கொடுக்கவேண்டிய வீடுகளுக்கெல்லாம் அதில்தான் போனார்கள். கடைசி நாள் விமான நிலையத்துக்கும் அவளே ஓட்டிக்கொண்டு போனாள். இறங்கும்போது ஸ்டியரிங்கை இரண்டு தட்டுத் தட்டினாள். கண்ணாடிக்காரர் இவ்வளவு சந்தோஷமாக ஒருநாளும் இருந்ததில்லை.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் பதக்கம் பாக்கி இருந்தது.

அவர் திரும்பிவந்த வாரம் கழகம் பாராட்டுக் கூட்டம் போட்டது. அரங்கு நிறைய ஆள். அதிகாரியும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார், இரண்டு பிரிவின் சார்பிலும். போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரர் மேடையேறி நடந்ததை நடந்தபடி சொன்னார். விசிறி பெல்ட், ஒழுகின கதவு, லாரி டிரைவர். நாலு நிமிஷத்தில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். பின்வரிசையில் இருவர் எழுந்து போனார்கள்.

தலைவர் மைக்கில் குனிந்தார். "மலை உச்சியில என்ன தோணிச்சுன்னு சொல்லுங்க."

கண்ணாடிக்காரர் அரங்கைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் அவர் பேச்சை இத்தனை பேர் ஒன்றாக உட்கார்ந்து கேட்டதில்லை. "மலை... இருந்தது," என்று ஆரம்பித்தார். "மேகமும் இருந்தது." போகப்போகப் பேச்சு சரளமாக வந்தது. அறுபத்து நான்கு பக்கமும் அவருக்கு மனப்பாடமாகியிருந்தது அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. எழுந்து போன இருவரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

"வழியில ஸ்டியரிங்கை வேற யார் கையிலயாவது குடுத்தீங்களா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

"ஒரு நொடிகூட இல்லை," என்றார் கண்ணாடிக்காரர். "கடைசி மைல் வரைக்கும் என் கைதான்."

அரங்கு எழுந்து நின்று கைதட்டியது. பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்கள். அந்தப் பேச்சை அன்றைக்கே உலகம் முழுக்கப் பார்த்தார்கள். உலகத்தில்தான் அக்காவின் மகள் வீடும் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அக்கா கூப்பிட்டாள். கோபப்படவில்லை. களைத்துப்போன குரலில் பேசினாள்.

"நல்லாப் பேசினே. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அடுத்த கூட்டத்துல எழுந்து, எங்க அக்காவும் ஓட்டினான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. போதும்."

கண்ணாடிக்காரர் உண்மையிலேயே யோசித்தார். அவருக்கு அக்கா மேல் உயிர். எப்படியாவது இதைச் செய்துகொடுத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தார்.

"சொல்லலாம்க்கா. அதுல ஒண்ணும் கஷ்டமில்லை. ஆனா பேச்சு பதிவுல ஏறிடுச்சு, கோப்பும் முடிஞ்சுபோச்சு. திறக்கணும்னா நீ ஒரு மனு எழுதி அனுப்பணும். மூணு நகல் போதும்."

அந்தப் பக்கம் இணைப்பு அறுந்தது.

மனைவி அன்றிலிருந்து கூட்டங்களுக்கு அவரோடு வருவதில்லை. அவரோ கடைக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும், சில்லை மாற்றிப் போட்டுக்கொண்டே, குறைப்பட்டுக்கொள்கிறார். "இவ்வளவு தூரம் சொல்லியும் அக்காகிட்டேயிருந்து இன்னும் மனு வரலை பாருங்க." நாற்காலியில் இருக்கிறவர்களும், முறை என்று ஒன்று இருக்கிறதே, அவங்கதானே அனுப்பணும் என்று ஒத்துக்கொள்கிறார்கள்.